பூவா, நட்சத்திரமா?

கும்பினிக்காரன் 'ஸ்டார் பகோடா' என்று கணக்கெழுதிய தங்க நாணயத்துக்கு நம் ஆட்கள் வைத்த பேர் பூவராகன். ஒரு பக்கம் பெருமாள், மறு பக்கம் கதிர் விரித்த ஒரு குறி. அவனுக்கு அது நட்சத்திரம், இங்கே அது பூ. ஃபார்சியிலும் 'ஹூன் பூலி', பூப்போட்ட வராகன்தான். ஒரே குறியை இரண்டு பேர் இரண்டாக வாசித்தார்கள் என்பதைவிட, யாருடைய வாசிப்பு ஏட்டில் நின்றது என்பதே நமக்கு விஷயம். ஏலப் பட்டியல்களில் இன்று பூ கிடையாது. நட்சத்திரம் மட்டும் இருக்கிறது.

1807ஐ ஒட்டி மெட்ராஸ் நாணயச்சாலையில் வெள்ளியில் அடித்த அரை வராகனை எடுத்துக்கொள்வோம். ஒரு முகத்தில் கோபுரம், இருபுறமும் நட்சத்திரங்கள், சுற்றிலும் ஆங்கிலமும் ஃபார்சியும். மறு முகத்தில் தாமரையிலிருந்து எழும் விஷ்ணு, சுற்றிலும் தமிழும் தெலுங்கும். ஆள்கிறவர்களின் மொழி ஒரு பக்கம், வரி கட்டுகிறவர்களின் மொழி சாமி பக்கம். சில நாணயங்களைச் சாய்த்துப் பிடித்தால் கோபுரத்துக்கு அடியில் வேறொரு எழுத்தின் தடம் தெரியும். ஸ்பானிய டாலரைப் போட்டு அதன்மேலேயே அடித்தது அது. அமெரிக்கக் கண்டத்துச் சுரங்கங்களில் வெட்டிய வெள்ளி, ஸ்பெயின் ராஜாவின் தலையோடு கடல் கடந்து வந்து இங்கே கோபுரமாகியிருக்கிறது. முந்தின ராஜா முழுசாக அழியவில்லை.

சேகரிப்பவர்கள் பார்ப்பது இன்னும் நுணுக்கம். அச்சு என்பது எஃகுத் துண்டில் கையால் வெட்டியது. அடிக்க அடிக்க அது தேயும், விரியும். உடைந்தால் இன்னொன்று வெட்ட வேண்டும். இரண்டாவது அச்சு முதலாவதைப் போல அச்சு அசலாக இருக்காது. நட்சத்திரம் கூடும் குறையும், வார்ப்பூட்டு நகரும், தமிழ் எழுத்தின் சுழி மாறும். இவற்றையெல்லாம் எண்ணி வகைப்படுத்தி பிரிட்மோர் 1975லும் 1980லும் இரண்டு பெரிய தொகுதிகள் போட்டார். உழைப்பு பெரிது, மறுக்க முடியாது. ஆனால் அந்த மரபில் வேறுபாடு என்றால் அபூர்வம், அபூர்வம் என்றால் விலை. சுழியை மாற்றி வெட்டிய கை யாருடையது, அவனுக்குத் தமிழ் தெரியுமா, பார்த்து வரைந்தானா என்ற கேள்வி வருவதே இல்லை. நானறிய, அந்தத் தொழிலாளி விட்டுப்போன கையெழுத்து அது ஒன்றுதான்.

சங்கரன்கோவில் பக்கம் இந்த நாணயத்தை வைத்து யோசித்தால் வேறொன்று படும். கொஞ்ச தூரத்தில்தான் பூலித்தேவனின் நெற்கட்டும்செவல். நெல்லு கட்ட மாட்டேன்னு சொன்னதால நெற்கட்டான்செவல் என்று ஜனங்கள் பேருக்குக் கதை சொல்வார்கள். அவன் காலத்துச் சண்டை 1750களிலும் 60களிலும். 1799இல் கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டு, 1801இல் பாளையங்களை ஒடுக்கி முடித்து, ஆறு வருஷத்தில் கோபுரமும் பெருமாளுமாகக் காசு வருகிறது! சைவமும் வைணவமும் ஒரே உடம்பில் நிற்கிற சங்கரநாராயணரைக் கும்பிடுகிற ஊர்க்காரனுக்கு அது ஒன்றும் அந்நியமாக இருந்திருக்காது. கும்பினிக்கும் வேண்டியது அதுதான்.

வரி கணக்கு வராகனில். கூலியும் சந்தையும் செம்பில். ஒரு வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு என்பது கும்பினியின் வாய்ப்பாடு. பஜாரில் சராப்பு சொல்வதே விகிதம், மாற்றினால் வட்டம் பிடிப்பான். 3360 காசு சேர்த்தவன் கையில் முழு வராகன் வராது. 1818இல் ரூபாய் வந்து வராகன் போனது. 1835இல் இந்தியா முழுக்க ஒரே ரூபாய். அதற்குப் பிறகு இயந்திர ஒழுங்கு. வேறுபாடு புள்ளிகளில் ஒளிந்துகொண்டது. 1874 வரை அடித்த விக்டோரியா ரூபாய்களிலும் வருஷம் 1862தான். எந்த வருஷத்தது என்று புள்ளியை எண்ணித்தான் சொல்ல வேண்டும்.

ஏழைகளின் செம்புக்காசு கொஞ்ச காலம் பர்மிங்காமில் போல்டனின் நீராவி எந்திரத்தில் அடித்து வந்தது. இருபது காசில் ஒரு பக்கம் கும்பினியின் சிங்கங்கள், மறு பக்கம் ஃபார்சி, கீழே ஆங்கிலம். தமிழ் ஓரெழுத்து இல்லை. 1809 ஜனவரியில் அப்படியான காசுகளை மெட்ராசுக்கு ஏற்றிவந்த 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல் இங்கிலாந்துக் கரையோர மணல் திட்டில் மோதி மூழ்கியது. 1980களில் அள்ளியபோது லட்சக்கணக்கில் கிடைத்தன. 1808 என்று வருஷம் போட்டு இன்று சேகரிப்பாளர்களிடம் மலிவாகப் புழங்கும் இருபது காசுகளில் பல அந்தக் கப்பலுடையவை, ஒருவருடைய கூலியாகவும் போகாதவை.