சியாமா சாஸ்திரிகள்

சியாமா சாஸ்திரிகள் (1762–1827) கருநாடக இசை மும்மூர்த்திகளுள் வயதில் மூத்தவர். இயற்பெயர் வேங்கடசுப்பிரமணியன். இவர் திருவாரூரில் பிறந்தபோது, ஐரோப்பாவின் பரோக் இசை மேதை பாக் மறைந்து 12 ஆண்டுகளே ஆகியிருந்தன.

இவருடைய முன்னோர் காஞ்சிபுரத்தில் பங்காரு காமாட்சிக்குப் பூசை செய்தவர்கள். நாட்டுக் குழப்பத்தில் அப்பொன் திருமேனியைக் காக்க ஊரைவிட்டு வெளியேறி, பல இடங்களில் தங்கிய பின் அக்குடும்பம் தஞ்சையை அடைந்தது. அம்மன் காஞ்சிக்குத் திரும்பவேயில்லை. இன்றும் தஞ்சை மேலவீதிக் கோயிலில்தான் இருக்கிறாள். சாஸ்திரிகளும் அவளுக்கே பூசை செய்து, பெரும்பாலும் அவளையே தெலுங்கில் பாடினார்.

நாட்டியத்துக்குரிய சுரஜதியைக் கச்சேரிக்குரிய உருப்படியாக்கியது இவரே. பைரவி, தோடி, யதுகுலகாம்போதி சுரஜதிகள் மூன்றுமே இவர் பெயர் நிலைக்கப் போதுமானவை. தியாகராசரைப் போலப் பெரிய சீடர் கூட்டம் இவருக்கு இல்லை. மகன் சுப்பராய சாஸ்திரி தந்தையின் பாடல்களைக் காத்து, தாமும் கீர்த்தனைகள் இயற்றினார்.