வியன்னாவின் புத்தாண்டு இசையும் ஒரு வயலின்காரர் குடும்பமும்



ஜனவரி முதல் நாள் நம் கடிகாரத்தில் மாலை 6.15 ஆகும்போது, ஆஸ்திரியா நாட்டுத் தலைநகரான வியன்னாவில் காலை 11.15. அந்த நேரத்தில் அங்கே ‘பொன் மண்டபம்’ என்று பெயர்பெற்ற அரங்கில் புத்தாண்டு இசை நிகழ்ச்சி தொடங்கும். மேடை முழுக்கப் பூ அலங்காரம். வியன்னா பில்ஹார்மோனிக் என்ற வாத்தியக் குழுவினர் வால்ஸ் வாசிப்பார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஜோடியாகச் சுழன்று ஆடுவதற்கான இசை அது. நம் சங்கீதத்தில் திஸ்ரம் என்போமே, அந்தக் கணக்குத்தான். இதில் பெரும் புகழ் பெற்றவர் யோஹான் ஸ்ட்ராஸ். அவர் 1867இல் அரங்கேற்றிய ‘நீல டான்யூப்’ இல்லாமல் இந்த விழா முடியாது.

இதே கலைஞர்கள்தாம் இரவில் வியன்னா ஓபரா மாளிகையிலும் வாசிக்கிறவர்கள். ஓபரா என்றால் என்னவென்று நம் தோட்டத்துப் பெரியவர்களுக்கு விளக்கவே வேண்டாம். அரிச்சந்திரா, பவளக்கொடி நாடகம் பார்த்தவர்கள் அவர்கள். ஆர்மோனியக்காரர் ஓரமாக உட்கார்ந்திருப்பார். ராஜா கோபப்பட்டாலும் பாட்டு, அழுதாலும் பாட்டு! இத்தாலிக்காரர்கள் இதில் பலே கெட்டிக்காரர்கள். அவர்களுள் மாமேதையான வெர்டி 1875இல் தாமே வியன்னாவுக்கு வந்து தம் ‘ஐடா’வை நடத்தினார். இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். புத்தாண்டு நிகழ்ச்சியின் முடிவில் சபையே கைதட்டித் தாளம் போடும் ‘ராடெட்ஸ்கி’ அணிநடை இருக்கிறதே, அது 1848இல் ஆஸ்திரியப் படை இத்தாலியரைத் தோற்கடித்ததற்காக ஸ்ட்ராஸின் தகப்பனார் எழுதியது. வெர்டியோ இத்தாலிய விடுதலையின் பக்கம் நின்றவர். ஆனாலும் அதே வியன்னா அவரை வரவேற்றது.

இப்படிப் பகையை மறக்கத் தெரிந்த ஊரில்தான் பிறகு அந்த அநியாயம் நடந்தது.

1938 மார்ச்சில் ஹிட்லரின் ஜெர்மனி ஆஸ்திரியாவை விழுங்கியது. குழுவிலிருந்த யூதக் கலைஞர்கள் எல்லோருக்கும் வேலை போச்சு. அவர்களில் ஏழு பேர் உயிரையே இழந்தார்கள். ஐந்து பேர் மாண்டது வதைமுகாம்களில். மறு ஆண்டு, 1939 டிசம்பர் 31ஆம் நாள், கிளமென்ஸ் கிராவுஸ் நடத்த, ஸ்ட்ராஸ் இசை மட்டுமே கொண்ட ஒரு கச்சேரி நடந்தது. வசூல் நாஜிகளின் ‘குளிர்கால உதவி’ நிதிக்குப் போனது. இன்று உலகமே பார்க்கும் புத்தாண்டு இசைக்கு மூலம் அதுதான்.

இன்னொன்று கேளுங்கள். ஸ்ட்ராஸின் கொள்ளுத் தாத்தா யூதராகப் பிறந்து ஞானஸ்நானம் பெற்றவர். 1762இல் நடந்த அவருடைய கல்யாணப் பதிவு வியன்னா பேராலய ஏட்டில் தெளிவாக இருந்தது. யூதர் இசை கூடாது என்று சட்டம் பேசியவர்களுக்கு ஸ்ட்ராஸை விடவும் மனமில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? 1941இல் ஏட்டையே எடுத்துக்கொண்டுபோய், அந்தப் பதிவு இல்லாத பொய்ப் பிரதியைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள்! பாட்டு வேண்டும், பாட்டன் வேண்டாம்.

அர்னால்ட் ரோசே என்பவரை அறிவது அவசியம். 1881 முதல் அந்தக் குழுவின் முதல் வயலின் அவர்தான். 57 ஆண்டுகள் ஓபராவும் சிம்பொனியும் வாசித்த கை. எழுபத்து நான்கு வயதில் அவரையும் வெளியே அனுப்பினார்கள். லண்டனுக்கு ஓடினார். அவர் மகள் ஆல்மாவும் வயலின்காரி. 1932இல் பெண்களை மட்டும் சேர்த்து ஒரு வால்ஸ் குழு அமைத்து ஊர் ஊராக வாசித்தவள். தகப்பனைக் காப்பாற்றப் பணம் வேண்டுமே என்று லண்டனை விட்டு ஹாலந்துக்கு வாசிக்கப் போனாள். ஜெர்மானியர் அந்த நாட்டையும் பிடித்தார்கள். தப்பியோடும் வழியில் பிரான்சில் அகப்பட்டு, 1943இல் ஆஷ்விட்ஸ் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டாள்.

அங்கே கைதிப் பெண்களின் வாத்தியக் குழு ஒன்று இருந்தது. கைதிகள் காலையில் வேலைக்குப் போகும்போதும் மாலையில் திரும்பும்போதும் வாசலில் அணிநடை வாசிக்க வேண்டும். ஆல்மாவைத் தலைவியாக்கினார்கள். வாசிக்கவே தெரியாத சிறுமிகளைக்கூட அடித்துத் திருத்தாத குறையாகப் பழக்கினாள். கடுமையானவள் என்று பெயர். நன்றாக வாசித்தால்தான் உயிர் தங்கும் என்பது அவளுக்குத் தெரியும். அந்தப் பெண்களில் பெரும்பாலோர் போருக்குப் பின்னும் உயிரோடிருந்தார்கள். ஆல்மா 1944 ஏப்ரலில் நோய் கண்டு முகாமிலேயே இறந்தாள். கிழவர் 1946இல் லண்டனில் கண்மூடினார்.

போர் முடிந்தபின் அசல் ஏடு பேராலயத்துக்குத் திரும்பியது. குழுவின் கதை வெளிவரத்தான் வெகுகாலம் பிடித்தது. 1942இல் 123 பேரில் 60 பேர் நாஜிக் கட்சி உறுப்பினர்கள் என்பதெல்லாம் 2013இல்தான் அவர்கள் வாயாலேயே விவரமாக வெளிவந்தது.

அடுத்த ஜனவரி முதல் நாள் அந்த நிகழ்ச்சி கிடைத்தால் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். கைதட்டும் இடத்தில் நீங்களும் தட்டுங்கள், இசை அருமையான இசைதான். நடத்துநருக்கு இடப்பக்கம், வெகு அருகே ஒரு வயலின்காரர் உட்கார்ந்திருப்பார். ரோசே 57 வருஷம் உட்கார்ந்த இடம் அது.