பத்திரத்தில் ஏறாத வில்லங்கம்

இந்த எபிசோட்ல ஒரே ஒரு கேள்விதான். நீங்க வாங்கின நிலத்துல, முன்னாடி இருந்தவர் ரசாயனத்தைக் கொட்டிட்டுப் போயிருந்தா, அதைச் சுத்தம் பண்ற செலவு யார் தலையில விழும்?

நம்ம ஆலங்குளம், வெம்பக்கோட்டை, சாத்தூர் பக்கம் இது வக்கீல்களுக்கான கேள்வி மட்டும் இல்லை. மழையை நம்பின கரிசல் காட்டைப் பட்டாசு ஷெட் போடக் குத்தகைக்கு விட்டவங்க இங்கே இருக்காங்க. குத்தகைக்காரர் காலி பண்ணினதும் அந்த இடம் விற்பனைக்கு வருது. வாங்குறவர் தாய்ப்பத்திரம் பார்ப்பார், பட்டா பார்ப்பார், வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பார். யார் யாருக்கு வித்தாங்க, எந்த பேங்க்ல அடமானம் இருக்கு, எல்லாம் தெரிஞ்சிரும். மண்ணுக்குள்ள என்ன இருக்குன்னு மட்டும் தெரியாது. சாஃப்ட்வேர் ஆள் பாஷையில சொன்னா, வில்லங்கச் சான்று ஒரு லாக் ஃபைல். எதைப் பதியச் சொன்னோமோ அதை மட்டும்தான் பதியும்.

இந்தக் கேள்வியை உலகத்துக்கே பெருசா எழுப்பினது அமெரிக்காவுல நயாகரா பக்கத்துல இருக்கிற லவ் கேனல்ங்கிற இடம். வெட்டி முடிக்காம விட்ட ஒரு பழைய கால்வாய் அது. 1942ல இருந்து 1953 வரைக்கும் ஹூக்கர் கெமிக்கல் கம்பெனி அதுல சுமார் 21,000 டன் ரசாயனக் கழிவைப் புதைச்சது. 1953ல அந்த இடத்தை ஊர்ப் பள்ளி வாரியத்துக்கு வெறும் 1 டாலருக்கு எழுதிக் கொடுத்தது. பத்திரத்துலயே ஒரு வரி சேர்த்தாங்க: இங்கே ரசாயனக் கழிவு இருக்கு, இனிமே எது நடந்தாலும் வாங்கினவர் பொறுப்பு. அதுக்கு மேலேயும் அங்கே பள்ளிக்கூடம் கட்டினாங்க, சுத்தி வீடுகள் வந்துச்சு. 1978ல அடித்தளத்துல ரசாயனம் கசிஞ்சு, அதிபர் கார்ட்டர் அவசரநிலை அறிவிச்சார். குடும்பங்கள் வீட்டை விட்டு வெளியேற வேண்டியதாச்சு.

அதோட விளைவா 1980ல வந்ததுதான் சூப்பர்ஃபண்ட் சட்டம். கொட்டினவர் மேல மட்டும் இல்லாம, இன்னிக்கு நிலத்தை வச்சிருக்கிறவர் மேலயும் அது கை வச்சது. தெரியாம வாங்கினேன்னு சொல்றவங்களுக்கு 1986ல ஒரு விலக்கு வந்துச்சு. ஆனா வாங்குறதுக்கு முன்னாடி முறையா விசாரிச்சிருக்கணும். இன்னிக்கு அங்கே தொழிற்சாலை நிலம் வாங்குறவங்க முதல்ல அந்த இடத்தோட வரலாற்றைத் தோண்டுறது இதனாலதான். ஹூக்கரும் தப்பலை. அதை வாங்கின தாய் நிறுவனம் 1995ல 12.9 கோடி டாலர் கொடுக்க ஒத்துக்கிச்சு.

அதே காலத்துல நம்ம ஊர்ல என்ன நடந்துச்சு? ராணிப்பேட்டை சிப்காட்ல தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ்னு ஒரு ஆலை 1970களின் நடுவுல இருந்து ஓடிட்டு இருந்தது. தோல் பதனிடுற தொழிலுக்கு வேண்டிய குரோமிய உப்பு அங்கே தயாராச்சு. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே 1982லதான் பிறந்தது, சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986லதான் வந்தது. கழிவுக் குவியல் சட்டத்துக்கு முன்னாடியே வளர ஆரம்பிச்சிருச்சு.

1990களின் நடுவுல ஆலை மூடிருச்சு. கழிவு மட்டும் அங்கேயே கிடந்தது. பழைய கணக்கு ஒன்றரை லட்சம் டன், பிந்தின கணக்கு 2.27 லட்சம் டன். மழை பெய்ஞ்சா மஞ்சளா வழிஞ்சு ஓடுற தண்ணியில இருக்கிறது ஆறு இணைதிறன் குரோமியம், புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. 2006ல பிளாக்ஸ்மித் இன்ஸ்டிட்யூட் போட்ட உலகின் மிக மாசடைந்த 10 இடங்கள் பட்டியல்ல ராணிப்பேட்டை இருந்தது.

இதுல ஒரு முரண் பாருங்க. வேலூர் மாவட்டத் தோல் ஆலைகள் வழக்குலதான் 1996 ஆகஸ்ட் 28ல உச்ச நீதிமன்றம் "மாசுபடுத்தினவரே செலவை ஏற்கணும்"ங்கிற கொள்கையை நம்ம நாட்டுச் சட்டத்தோட பகுதின்னு சொல்லுச்சு. ராணிப்பேட்டையும் அன்னிக்கு அதே மாவட்டம். கொள்கை பிறந்த மாவட்டத்துலயே அந்தக் குவியல் ஆலை மூடி 25 வருஷத்துக்கு அப்புறமும் கிடந்தது. மூடின கம்பெனிகிட்ட எதை வசூல் பண்றது?

இப்போ நம்ம வட்டாரத்துக்கு வாங்க. 2021 பிப்ரவரி 12 அச்சங்குளம் வெடிவிபத்துல இருபதுக்கும் மேற்பட்டவங்க இறந்தாங்க. அப்போ வெளியே வந்த விஷயம், உள்குத்தகை. லைசென்ஸ் ஒருத்தர் பேர்ல, வேலை நடத்துறது இன்னொருத்தர். விபத்துக்கே பொறுப்பாளியைத் தேட வேண்டியிருக்குன்னா, மண்ணுக்கு யாரைத் தேடுறது?

பட்டாசு மருந்துல சேர்ற பெர்குளோரேட் தண்ணியில சட்டுன்னு கரையும், மண்ணுல ஒட்டாது, நேரா கிணத்துக்கு இறங்கும். தைராய்டு சுரப்பி அயோடினை எடுக்கிறதை அது தடுக்கும். சிவகாசி வட்டார நிலத்தடி நீர்ல அது இருக்கிறது ஆய்வுகள்ல பதிவாகியிருக்கு. வழக்கமான குடிநீர்ப் பரிசோதனையில இது வராது. பேர் சொல்லிக் கேட்டாத்தான் பார்ப்பாங்க.

2025 ஜூலையில மத்திய அரசு மாசடைந்த இடங்களுக்குன்னே தனி விதிகள் கொண்டு வந்துச்சு. சந்தேகப்படுற இடங்களை மாவட்ட நிர்வாகம் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை அறிக்கையா கொடுக்கணும். மாநில வாரியம் 90 நாள்ல முதல்கட்ட ஆய்வு பண்ணணும். மாசுபடுத்தினவர் செலவைக் கொடுக்கணும். அவரைக் கண்டுபிடிக்க முடியலைன்னா, இல்லை அவரால முடியலைன்னா, அரசுகள் ஏத்துக்கணும். ராணிப்பேட்டை மாதிரி இடங்களுக்கு இது பதில். ஆனா சுரங்கக் கழிவு இந்த விதிக்குள்ள வராது. சுண்ணாம்புக்கல் குவாரி இருக்கிற ஆலங்குளத்துக்காரங்க இதை மனசுல வச்சுக்கணும்.

வாங்குறவருக்கு ஒரு பழைய பாதுகாப்பும் இருக்கு. 1882ஆம் வருஷச் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 55. விற்கிறவருக்குத் தெரிஞ்ச, வாங்குறவர் சாதாரணமா பார்த்தா கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை விற்கிறவர் சொல்லியே ஆகணும். ஆனா ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதிட்டா அந்தக் கடமை போயிரும். "உள்ளது உள்ளபடி வாங்கிக்கொள்கிறேன்"னு ஒரு வரி வந்தா, ஹூக்கரோட 1 டாலர் பத்திரத்தை நினைச்சுக்கோங்க.

அதனால சர்வே நம்பரைச் சொல்லி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துல தகவல் உரிமைச் சட்டத்துல கேளுங்க: அங்கே எந்தத் தொழிலுக்கு, எப்போ அனுமதி கொடுத்தாங்கன்னு. பக்கத்துக் காட்டுக்காரரையும், அங்கே வேலை பார்த்த அக்காமார்களையும் கேளுங்க. கழிவு மருந்தை எந்த மூலையில எரிச்சாங்கன்னு அவங்களுக்குத் தெரியும். குத்தகைக்கு விடுறவங்க, விடுறதுக்கு முன்னாடியே மண்ணையும் கிணத்துத் தண்ணியையும் பரிசோதிச்சு, அந்த ரிப்போர்ட்டைக் குத்தகைப் பத்திரத்தோட சேர்த்துருங்க. குத்தகைக்காரர் ஊரை விட்டுப் போனாலும் கிணறு உங்ககிட்டதான் இருக்கும்.