கொட்டை பொறுக்கிய பசங்க

நெயில் பாலிஷ் ரிமூவர் பாட்டிலைத் திறந்ததும் குப்புன்னு ஒரு வாசனை வருமே, பெரும்பாலும் அதுதான் அசிட்டோன். கீட்டோன் குடும்பத்தின் கடைக்குட்டி. இன்னைக்கு அதோட போர்க்காலக் கதை.

நெயில் பாலிஷ் நகத்துல படலமா ஒட்டக் காரணம் நைட்ரோசெல்லுலோஸ். அசிட்டோன் அதைக் கரைக்கும். 56 டிகிரியிலேயே கொதிக்கிறதால சட்டுன்னு ஆவியாகியும் போயிடும். இந்த ரெண்டு குணத்துக்காகத்தான் முதல் உலகப் போரில் பிரிட்டன் அதைத் தேடி அலைஞ்சது. பீரங்கிக் குண்டை உந்தித் தள்ளும் கார்டைட் மருந்து, நைட்ரோசெல்லுலோஸும் நைட்ரோகிளிசரினும் சேர்ந்தது. ரெண்டையும் மாவு மாதிரி பிசைஞ்சு, இடியாப்பம் போல இழையாப் பிழிய அசிட்டோன் வேணும்.

அப்போ அசிட்டோன் மரத்திலிருந்து வந்தது. மரத்தைக் காற்றில்லாமச் சூடாக்கினா அசிட்டிக் அமிலம் கிடைக்கும். அதைச் சுண்ணாம்போடு சேர்த்தா கால்சியம் அசிட்டேட். அதை மறுபடி சூடாக்கினா அசிட்டோன். இதுக்கு மரம் மலை மலையா வேணும், அதனால பிரிட்டன் இறக்குமதியை நம்பியிருந்தது. நம்ம பாஷையில சொன்னா, முக்கியமான டிபெண்டன்சி அடுத்தவன் கையில.

மான்செஸ்டர் பல்கலைக்கழக வேதியியலாளர் கைம் வைஸ்மன் (பின்னாளில் இஸ்ரேலின் முதல் ஜனாதிபதி) மாவுச்சத்தை அசிட்டோனாகவும் பியூட்டனாலாகவும் மாத்தும் ஒரு பாக்டீரியாவைப் பிரிச்செடுத்தார். லண்டனில் ஒரு ஜின் வடிசாலையில் பெரிய அளவில் செய்து பார்த்தாங்க. தீனி, மக்காச்சோளம். ஆனா 1917ல் ஜெர்மன் நீர்மூழ்கிகள் சரக்குக் கப்பல்களை மூழ்கடிக்க, தானியத்துக்கே தட்டுப்பாடு.

அந்த வருஷம் இலையுதிர் காலத்துல அரசு பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டுச்சு: ஹார்ஸ் செஸ்ட்நட் கொட்டை பொறுக்கிக் கொடுங்க. சாப்பிட முடியாத கொட்டை அது. பசங்க கயித்துல கோத்து, மோதவிட்டு விளையாடுவாங்க. போருக்கு உதவும்னு சொன்னாங்க, அதை வச்சு என்ன செய்யப்போறாங்கன்னு சொல்லல. மூட்டை மூட்டையாக் குவிஞ்சது. ஏத்திப் போக வண்டியில்லாம ரயில் நிலையங்களில் நிறைய அழுகிப்போச்சு. கிங்ஸ் லின் ஆலைக்குச் சுமார் 3,000 டன் வந்து சேர்ந்தது. கொட்டையில அசிட்டோன் சரியா கிடைக்கல. ஆலை 1918ல் ஓட ஆரம்பிச்ச சில மாசத்திலேயே நின்னுபோச்சு.

டெக்னாலஜியா பார்த்தா இது தோத்துப்போன பைலட் புராஜெக்ட், அவ்வளவுதான். எனக்கு மனசுல நிக்கிறது அந்தப் பசங்கதான். தங்களோட விளையாட்டுச் சாமான், யாரோ ஒருத்தர் வீட்டுப் பையன் மேல விழப்போற குண்டுக்கு மருந்தாகும்னு தெரியாமலே பொறுக்கினாங்க. அவங்க குழந்தைங்க. டிக்கெட்ல வர்ற வேலையை எதுக்குன்னு கேக்காம முடிச்சுக் கொடுக்கிற எனக்கு அந்தச் சாக்கும் கிடையாது.