நகர்மன்றத் தலைவர் (தமிழ்நாடு)

நகர்மன்றத் தலைவர் என்பவர் தமிழ்நாட்டில் ஒரு நகராட்சியின் மன்றத்திற்குத் தலைமை வகிக்கும் மக்கள் பிரதிநிதி ஆவார். மாநகராட்சிகளில் இதற்கு இணையான பதவி மேயர் எனப்படும். திருவண்ணாமலை மாவட்டத்திலுள்ள பட்டு நெசவு நகரமான ஆரணி, 33 வார்டுகளைக் கொண்ட ஒரு நகராட்சியாகும்.

சட்டப் பின்னணி

தமிழக நகராட்சிகள் நெடுங்காலம் 1920 ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டத்தின்படி இயங்கின. 1993 சூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த 74 ஆவது அரசியலமைப்புத் திருத்தம், மன்றங்களுக்கு ஐந்தாண்டுப் பதவிக்காலத்தையும், பெண்களுக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் இடஒதுக்கீட்டையும் உறுதிசெய்தது. 2023 ஏப்ரல் முதல் 1998 ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் நடைமுறையில் உள்ளது.

தேர்ந்தெடுக்கும் முறை

தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறை பலமுறை மாற்றப்பட்டுள்ளது. 1996, 2001, 2011 ஆகிய தேர்தல்களில் வாக்காளர்கள் தலைவரை நேரடியாகத் தேர்ந்தெடுத்தனர். 2006, 2022 தேர்தல்களில் வார்டு உறுப்பினர்கள் தம்முள் ஒருவரைத் தேர்ந்தெடுத்தனர். 2016 அக்டோபரில் மன்றங்களின் பதவிக்காலம் முடிந்த பின் உரிய காலத்தில் தேர்தல் நடைபெறவில்லை. 2022 பிப்ரவரி 19 அன்று தேர்தல் நடக்கும்வரை தனி அலுவலர்களே நகராட்சிகளை நிர்வகித்தனர். இதனால் ஆரணி உள்ளிட்ட நகரங்களில் ஐந்தாண்டுகளுக்கும் மேலாக மக்கள் தேர்ந்தெடுத்த தலைவரோ உறுப்பினரோ இல்லை.

பணிகளும் வரம்புகளும்

மன்றக் கூட்டங்களைக் கூட்டுவதும், அவற்றுக்குத் தலைமை தாங்குவதும், தீர்மானங்கள் நிறைவேற்றப்படுவதைக் கண்காணிப்பதும் தலைவரின் முதன்மைப் பணிகளாகும். நிர்வாக அதிகாரம் மாநில அரசு நியமிக்கும் ஆணையரிடம் உள்ளது. பணியாளர்களும் அவருக்குக் கீழேயே இயங்குகின்றனர்.

குடிநீர், சாலை, கழிவுநீர்க் கால்வாய், தெருவிளக்கு, துப்புரவு ஆகியவை நகராட்சியின் பொறுப்புகள். ஆனால் ஆரணியின் வாழ்வாதாரமான நெசவு இதில் அடங்காது. நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் மாநில அரசின் கைத்தறித் துறையின் கீழ் உள்ளன. கைத்தறி நெசவாளர்க்கான மின்கட்டணச் சலுகையையும் மாநில அரசே அளிக்கிறது. எனவே தறி நெய்பவர் ஒருவர் தம் தெருவின் சாக்கடை குறித்து நகர்மன்றத்தை அணுகலாம். மின்சலுகை குறித்த முடிவு அம்மன்றத்தின் கையில் இல்லை.

பிற நாடுகளுடன் ஒப்பீடு

நோர்வேயில் பெரும்பாலான நகராட்சிகளில், மன்றம் தன் உறுப்பினர்களுள் ஒருவரைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கிறது. நிர்வாகத்தைத் தனி இயக்குநர் ஒருவர் நடத்துகிறார். இது தமிழக முறையை ஒத்ததாகத் தோன்றினாலும், அங்கு இயக்குநரை நியமிப்பது மன்றமே. ஆகவே அவர் மன்றத்திற்கே பொறுப்பானவர். டென்மார்க்கில் மன்றம் தேர்ந்தெடுக்கும் மேயரே நிர்வாகத்தின் தலைவராகவும் விளங்குகிறார். சுவீடனில் மேயர் என்னும் பதவி சட்டத்தில் இல்லை; மன்றத்திற்கும் செயற்குழுவிற்கும் தனித்தனித் தலைவர்கள் உள்ளனர்.

தமிழ்நாட்டில் ஆணையர் மாநில அரசின் அலுவலர் என்பதால், அவரை நியமிக்கவோ இடமாற்றவோ மன்றத்திற்கு அதிகாரமில்லை. தலைவர் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டாலும் மறைமுகமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டாலும் இந்நிலை மாறுவதில்லை.

இவற்றையும் பார்க்க

ஆரணி
தமிழ்நாட்டின் உள்ளாட்சி அமைப்புகள்
மேயர்