கடலில் போட்ட கல்

கொட்டாரம் கடற்கரை ஊர் அல்ல; வயலும் குளமும் தென்னையும் சூழ்ந்த நாஞ்சில் நாட்டு ஊர். ஆனால் கன்னியாகுமரி மிக அருகில் இருப்பதால் கடல் மீன் அன்றாடம் தெருவுக்கு வந்துவிடும். மீன்காரி பெட்டியை இறக்கியதும் எங்கள் வீட்டில் பிறக்கும் முதல் கேள்வி, "பார் மீனா?" என்பதுதான். கடலடியில் உள்ள பாறைத் திட்டுக்குப் பார் என்று பெயர். அங்கே மேய்ந்த மீனுக்குத் தனி ருசி என்பது எங்கள் ஊர்க்காரர்களின் நம்பிக்கை.

இயற்கை தந்த பார் இருக்கட்டும். மனிதனே பாரைச் செய்து கடலில் இறக்கினால் என்ன ஆகும்? இது வெறும் கற்பனை அல்ல. தூத்துக்குடிக் கடலில் நடந்த கதை.

மன்னார் வளைகுடாவில், இராமேசுவரத்திலிருந்து தூத்துக்குடி வரை, 21 சிறு தீவுகள் வரிசையாக இருந்தன. அவற்றைச் சுற்றிப் பவளப் பாறைகள். மனிதன் சும்மா இருப்பானா? பவளக் கல்லை வெட்டி எடுத்தான், வீடு கட்டினான், சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்கினான். பல பத்தாண்டுகள் இது நடந்தது. 1986-ல் அந்தத் தீவுகளும் சுற்றுக் கடலும் தேசியப் பூங்கா ஆயின. 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பவளத்துக்கும் காவல் தந்தது. ஆயினும் கல் எடுப்பது ஓய்ந்தது 2004 சுனாமிக்குப் பிறகு, 2005-ல்தான்.

அதற்குள் விலங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. அலையைத் தடுக்கும் பாறை போனபின் மணல் திட்டு எப்படி நிற்கும்? அடுத்த முறை வான் தீவுக்கு. 1986-ல் 16 ஹெக்டேர் பரப்புள்ள அந்தத் தீவு, 2014-ல் ஏறக்குறைய 2 ஹெக்டேராகச் சுருங்கிவிட்டது.

அப்போது தமிழ்நாடு அரசும், சென்னை ஐ.ஐ.டி.யும், தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையமும் ஒரு காரியம் செய்தன. அடி அகன்று மேல் குறுகிய, துளைகள் உள்ள சிமென்டுக் கற்களைச் செய்து, 2015 முதல் வான் தீவின் கடல் முகத்தில் இறக்கினார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கற்கள். அலையின் வேகம் தணிந்தது. தீவின் தேய்வு நின்று மணல் சற்றே சேர்ந்தது. துளைகளுக்குள் மீன் குஞ்சுகள் புகுந்தன. கல்லின் மேல் பவளம் முளைத்தது. பக்கத்தில் இயற்கைப் பாரும் உயிரோடு இருந்தபடியால் மீன்கள் இரண்டுக்கும் இடையே போய்வந்தன.

நல்ல செய்திதான். ஆனால் இங்கே ஒரு கேள்வி கேட்காமல் இருக்க முடியாது. புதுக் கல்லில் கூடிய மீன் அங்கே பெருகிய மீனா, வேறிடத்திலிருந்து வந்த மீனா?

சுசீந்திரத்தில் மார்கழித் தேரோட்டம் பாருங்கள். ரத வீதியில் எள் போட்டால் எள் விழாது. அதற்காகச் சுசீந்திரத்தில் ஜனத்தொகை பெருகிவிட்டது என்று யாராவது எழுதுவார்களா? அன்று கொட்டாரத்துத் தெருக்கள் வெறிச்சோடிக் கிடக்கும், அவ்வளவுதான். செயற்கைப் பாரும் இப்படி இயற்கைப் பாரின் மீனைத் தன்னிடம் இழுத்துக்கொள்ளக் கூடும். 1989-ல் ஜேம்ஸ் போன்சாக் என்ற அமெரிக்க விஞ்ஞானி இந்தக் கேள்வியைத் தெளிவாக எழுப்பினார். தங்க இடம் இல்லாமல்தான் மீன் குறைந்ததென்றால் புது இடம் மீனைப் பெருக்கும். பிடித்துத் தீர்த்ததால் குறைந்ததென்றால், புது இடம் மிச்சமுள்ள மீனையும் ஓரிடத்தில் கூட்டி வலைக்குக் காட்டிக் கொடுக்கும். பாரை விட்டு அகலாத, மெதுவாக வளரும் களவா போன்ற மீனுக்கு இந்த ஆபத்து அதிகம்.

போடும் பொருளிலும் கவனம் வேண்டும். 1972-ல் அமெரிக்காவில் புளோரிடாக் கரையோரம் பழைய மோட்டார் டயர்களைக் கட்டுக் கட்டாகக் கடலில் போட்டார்கள். ஏறக்குறைய இருபது லட்சம் டயர்கள். கட்டுகள் அறுந்தன. டயர்கள் அலையில் உருண்டு பக்கத்து இயற்கைப் பாரையே மோதி நொறுக்கின. மீனுக்கு வீடு கட்டப் போனவர்கள், இருந்த வீட்டையும் இடித்தார்கள்!

வான் தீவில் கல் தேர்ந்த கல். அலையைத் தடுக்கவும் அது வேண்டியிருந்தது. இடமோ பூங்காவின் எல்லை. சட்டப்படி அங்கே வலை வீசக் கூடாது. அந்தத் தடையால் பிழைப்பு இழந்தோம் என்று முறையிடும் மீனவர்களும் உண்டு. அவர்கள் குறையையும் கேட்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் காவல் இல்லாவிட்டால் கல் மட்டும் என்ன செய்யும்?

2020-க்குப் பிறகு மத்திய அரசின் மீன்வளத் திட்டத்தில் பல கரைகளில் செயற்கைப் பார்கள் இறக்கப்படுகின்றன. அவற்றில் பல, யாரும் வலை போடக் கூடிய திறந்த கடலில் இருப்பவை. கல் போடுமுன்னே, அதன் மேல் எப்போது, யார், எந்த வலை போடலாம் என்று அந்தந்த ஊர் மீனவர்களோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டாமா? அந்தப் பேச்சு நடந்தால் அது மீன் வீடு. நடக்காவிட்டால் மீன் பொறி.

கடல் தந்த கல்லை எடுத்துச் சுட்டுச் சுவருக்குப் பூசினோம். பிறகு சிமென்டுக் கல் வார்த்துக் கடலுக்கே கொண்டுபோய்ப் போட்டோம். வாங்கிய கடனில் இது ஒரு தவணை, அவ்வளவே. மிச்சக் கடனைக் கல்லால் அடைக்க முடியாது. கையை அடக்கித்தான் அடைக்க வேண்டும்.