ஷக்ரின், மார்ட்டிஃபிகேஷன்

வெட்கமும் எரிச்சலும் கலந்த மனநிலையைக் குறிக்கும் இரு ஆங்கிலச் சொற்கள். ஒன்றுக்குப் பொருளாக மற்றொன்றைத் தரும் அகராதிகள் உண்டு. ஆனால் இரண்டும் வந்த வழி வேறு. வழக்கிலும் அந்த வேற்றுமை மறையவில்லை.

மார்ட்டிஃபிகேஷன் மூத்தது. ‘சாகச் செய்தல்’ என்னும் இலத்தீன் வினையில் பிறந்து, பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தை அடைந்தது. அப்போது அது சமயச் சொல்: நோன்பாலும் ஒறுத்தலாலும் உடலின் இச்சைகளை அடக்குவது. 1611இல் வெளியான ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தில், ரோமருக்கும் கொலோசெயருக்கும் பவுல் எழுதிய நிருபங்களில் இதன் வினைவடிவம் இந்தப் பொருளில்தான் வருகிறது. உடலுறுப்பு அழுகிச் சாவதையும் மருத்துவர்கள் இச்சொல்லால் குறித்தனர். 17ஆம் நூற்றாண்டில்தான், நாலுபேர் முன் மானம்போய்க் கூனிக்குறுகுவது என்ற பொருள் ஏற்பட்டது. ஜேன் ஆஸ்டினின் 1813ஆம் ஆண்டு நாவலான ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ இந்த உணர்வை மிக நுட்பமாகக் கையாள்கிறது.

ஷக்ரின் 17ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரெஞ்சிலிருந்து வந்தது. முதலில் கவலை, மனவாட்டம் என்றே பொருள். ஏமாற்றத்தாலோ தோல்வியாலோ வரும் மனக்கசப்பு என்று அது நிலைபெற்றது பின்னர்தான். பிரெஞ்சில் இன்றும் அது துயரம். காதல் தோல்வியின் வேதனைக்கும் அதுவே சொல்.

இதன் வேர் பற்றிய வழக்கு சுவையானது. குதிரையின் பின்புறத்தைக் குறிக்கும் துருக்கிச் சொல்லிலிருந்து, சொரசொரப்பான ஒருவகைத் தோலுக்குப் பிரெஞ்சில் இதே பெயர் அமைந்தது. ஆங்கிலத்தில் அத்தோல் ஷக்ரீன். ஈரத்தோலில் விதைகளை அழுத்திக் காயவைத்து அந்தச் சொரசொரப்பை உண்டாக்கினர். பின்னாளில் சுறா, திருக்கை மீன்களின் தோலும் அப்பெயர் பெற்றது. மனத்தை அராவும் துயரத்துக்குத் தோலின் பெயரே உவமையாகி வந்தது என்று நெடுங்காலம் நம்பினர். சொல்லாய்வாளர் பலர் இன்று இதை ஏற்பதில்லை. எழுத்தொற்றுமை தற்செயலானது என்பதே அவர்கள் முடிவு. ஆனால் பிரெஞ்சு நாவலாசிரியர் பால்சாக்குக்கு அந்த ஒற்றுமையே போதுமானதாக இருந்தது. அவருடைய 1831ஆம் ஆண்டு நாவலில், விருப்பம் ஒவ்வொன்று நிறைவேறும்போதும் மந்திரத்தோல் சுருங்குகிறது. அதை வைத்திருப்பவனின் ஆயுளும் குறைகிறது. நாவலின் பிரெஞ்சுத் தலைப்பில் தோல், துயரம் இரண்டும் ஒலிக்கின்றன.

இன்றைய ஆங்கிலத்தில், உறுதியாக நம்பிய கணக்கு பொய்த்துப்போனவர் தனியே அமர்ந்து நொந்துகொள்வது ஷக்ரின். அதற்குச் சாட்சி வேண்டியதில்லை. மேடையில் பேச்சு மறந்து, அவை சிரிக்கையில் நிற்பவர் படுவது மார்ட்டிஃபிகேஷன். இரண்டில் கடுமையானது இதுவே.